அரிவாள் அணுவைத் தேடிய ஆராய்ச்சியாளர்

கேரள நாட்டில் 44 ஆறுகள் ஓடுகின்றன. அவற்றுள் 41 ஆறுகள் மேற்கே சென்று கடலில் கலக்கின்றன. எஞ்சிய மூன்று மட்டும் கிழக்கு நோக்கித் திரும்புகின்றன. வயநாட்டுக் கபினி கன்னட நாட்டிற்குச் செல்கிறது. பவானி, பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் ஒரு வளைவு வளைந்து, சிறுவாணியையும் சேர்த்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் மீண்டும் நுழைகிறது. இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறு கீழே இறங்கி நமது அமராவதி ஆகிறது. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது இந்த மூன்று ஆறுகளையும் யாரும் கலந்தாலோசிக்கவில்லை; அவற்றின் கரையில் வாழ்ந்த மலைமக்களையும் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை.

அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் என்னும் மூன்று பழங்குடியினர் வாழ்கின்றனர். ஆனைகட்டிச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கோவை மாவட்டத்திற்கு வந்தாலும் இருளர்களே. வடக்கே மலையேறி நீலகிரிக்குச் சென்றாலும் இருளர்களே. அவர்கள் பேசும் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது. இவ்வெல்லைப் பிரதேசத்து மக்களின் இரத்தத்தில், ஆறுகளைப் போலவே எல்லை பாராமல் ஓடிவரும் ஒரு பரம்பரை நோய் உண்டு. மலையாளத்தில் அதனை அரிவாள் நோய் என்கின்றனர். நம் தமிழில் அரிவாள் அணுச் சோகை என்றும், கதிர் அரிவாள் அணுச் சோகை என்றும் எழுதுகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு மகிழ்ச்சி. ஆங்கிலச் சொல்லோடு மல்லுக்கு நிற்க வேண்டிய தேவை இங்கு இல்லை. அரிவாள் என்ற சொல் எல்லைக்கு இருபுறமும் எல்லா வீட்டிலும் தொங்குகிறது.

ஆயினும் பெயர் எளிதாய் அமைந்தமையால் நோயும் எளிதில் கண்டுகொள்ளப்பட்டது என்று நேயர்கள் கருதிவிட வேண்டாம். நெடுங்காலம் வரை இது ஆப்பிரிக்க மக்களுக்கே உரிய நோய் என்று வைத்திய நூல்கள் எழுதி வைத்திருந்தன. நூலில் அவ்வாறு இருந்தமையால், கை கால் வீங்கி வலியால் அலறும் ஓர் இருளக் குழந்தையைப் பார்த்த வைத்தியர் அதனை வாதம் என்றார். கண்கள் மஞ்சளித்தால் காமாலை என்றார். வெளிறிப் போயிருந்தால் உணவுக் குறைவு என்றார். இல்லை என்று நம்பப்படும் நோயை எவரும் தேடுவதில்லை. தேடாதவருக்கு அது அகப்படுவதும் இல்லை. இந்த நம்பிக்கையை இந்திய மண்ணைப் பொறுத்தவரை உடைத்தவர்களுள் முதன்மையானவர் ஹெர்மன் லேமன் என்னும் உயிர் ரசாயன அறிஞர். அவரது ஆராய்ச்சி வாழ்வு எவ்வாறு நம் மலைகளின் அருகே வந்து சேர்ந்தது என்பதை இங்கே சொல்ல முற்படுகிறோம். அவர் கண்டது எது, அவர் தவறியது எங்கே என்ற இரண்டுமே நமக்கு இன்றும் பயன்படுவன.

நோயின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. கரீபியக் கடலிலுள்ள கிரெனடா தீவிலிருந்து பல் வைத்தியம் பயில்வதற்காகச் சிகாகோ நகருக்கு 1904 இல் வந்து சேர்ந்தார் வால்டர் கிளெமெண்ட் நோயல் என்னும் இளைஞர். சொந்த ஊரைவிட்டு வந்த இம்மாணவருக்கு அடிக்கடி உடல் நலிவு ஏற்பட்டது. அவரது இரத்தத்தை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது, வட்டமாய் இருக்க வேண்டிய சிவப்பணுக்களுள் பல நீண்டு வளைந்து அரிவாள் போலத் தோன்றின. ஜேம்ஸ் ஹெரிக் என்ற வைத்தியர் இதனை 1910 ஆம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். நோயல் படிப்பை முடித்துத் தம் தீவுக்குத் திரும்பிப் பல் வைத்தியராகவே பணியாற்றி, 1916 இல் மறைந்தார். அயலூரில் படுத்துக் கிடந்த ஒரு மாணவரின் இரத்தத்திலிருந்தே இவ்விஞ்ஞானம் முழுவதும் கிளைத்தது.

ஹெரிக்கின் கட்டுரை வெளிவந்த அதே 1910 ஆம் ஆண்டில்தான் லேமன் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தார். வைத்தியம் பயின்றார். யூத வழிவந்தவராதலால் ஹிட்லரின் ஆட்சியில் சொந்த நாட்டில் பட்டம் பெற வழியில்லாது போகவே, சுவிட்ஜர்லாந்தின் பாசெல் நகரில் 1934 இல் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அடைக்கலம் புகுந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இராணுவ வைத்தியப் படையில் சேர்ந்து, 1943 முதல் இந்தியாவில் பணிபுரிந்தார். போர்வீரர்களிடையே காணப்பட்ட இரத்தச் சோகையை ஆராய்வது அவருக்கு இடப்பட்ட பணி. தசை எவ்வாறு சக்தி பெறுகிறது என்பதை முன்பு ஆராய்ந்துவந்த ஒருவர் இரத்தத்தின் பக்கம் திரும்பியது இவ்வாறே. யுத்தம் ஒருவரை எங்கெங்கோ கொண்டு போய்ச் சேர்க்கிறது. இவரை நம் நாட்டுச் சோகையினிடம் சேர்த்தது.

போர் முடிந்தபின் 1947 இல் அவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டிற்குச் சென்றார். அங்கே ஆலன் ரேப்பர் என்ற வைத்தியருடன் கூடி, பல இனக்குழுவினரின் இரத்தத்தைச் சோதித்து எண்ணிக்கை எடுத்தார். சோதனை மிக எளியது. விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள். அணுக்கள் தம்மிடமுள்ள பிராணவாயுவை இழக்க இழக்க, இக்குறை உடையவருடைய அணுக்கள் அரிவாளாய் வளையும். மற்றவருடையவை வட்டமாகவே இருக்கும். 1949 இல் இருவரும் வெளியிட்ட முடிவு வியப்பளிப்பதாய் இருந்தது. ஒரே நாட்டில், அடுத்தடுத்து வாழும் குழுவினரிடையே கூட இக்கூறு பெரிதும் வேறுபட்டது. பாம்பா என்னும் இனத்தாரிடம் அது நூற்றுக்கு 45 பேர் வரை இருந்தது; வேறு சிலரிடம் மிக அரிதாய் இருந்தது. ‘ஆப்பிரிக்கர் நோய்’ என்ற சொல்லுக்கு ஆப்பிரிக்காவிலேயே பொருள் இல்லை என்பது இதனால் விளங்கியது.

அதே 1949 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் அவரது குழுவினரும் வேறொன்றைக் கண்டனர். சிவப்பணுவுக்குள்ளே பிராணவாயுவைச் சுமந்து செல்லும் பொருள் ஹீமோகுளோபின். மின்சாரம் பாயும் கரைசலில் இதனை விட்டால் அது ஒரு குறித்த வேகத்தில் நகரும். நோயாளியின் ஹீமோகுளோபின் வேறு வேகத்தில் நகர்ந்தது. ஆகவே அணு வளைவதற்குக் காரணம் அணுவின் தோலில் அன்று, உள்ளே இருக்கும் இப்பொருளிலேயே இருக்கிறது என்பது புலனாயிற்று. ஒரு நோயின் வேர் ஒரே ஒரு ரசாயனப் பொருளில் இருப்பதை மனிதன் அறிந்தது அதுவே முதல் முறை.

இங்கிலாந்து திரும்பிய லேமன் லண்டன் நகரில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் 1951 முதல் பணியாற்றினார். உகாண்டாவில் எடுத்த எண்ணிக்கை அவர் மனத்தை விடவில்லை. இக்கூறு ஆப்பிரிக்காவிலேயே தோன்றியதுதானா, வேறெங்கிருந்தேனும் வந்ததா என்று அவர் ஐயுற்றார். தென்னிந்தியாவின் தொல்குடிகளைச் சோதித்தால் விடை கிடைக்கலாம் என்று எண்ணினார். இரத்த வகைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் பெயர் பெற்றிருந்த மேரி கட்புஷ் என்னும் பெண்மணி அவருடன் சேர்ந்தார். நீலகிரி மலைவாழ் மக்களின் இரத்தம் சோதிக்கப்பட்டது. இருளர், குறும்பர், பணியர் ஆகியோரிடம் அரிவாள் அணுக்கூறு தாராளமாக இருப்பது தெரிந்தது. 1952 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வைத்திய சஞ்சிகையில் அக்கட்டுரை வெளியாயிற்று.

அதே ஆண்டில், இவர்களோடு தொடர்பின்றி, டன்லப், மசூம்தார் என்னும் இருவர் மேல் அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே இந்நோயைக் கண்டு எழுதினர். அத்தொழிலாளர் அஸ்ஸாமின் மண்ணில் தோன்றியவர் அல்லர். அயல் மாகாணங்களிலிருந்து பிழைப்புக்காகக் குடியேறியவரின் வழியினர். பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்தவரோடு நோயும் பெயர்கிறது; அங்கே அதனை அறிந்த வைத்தியர் இருப்பாரா என்பது மட்டும் உறுதி இல்லை. வெளி மாநிலங்களில் வாழும் நம் நேயர்கள் இதனைக் கருத்தில் கொள்வது நலம்.

பின்னர் 1958 இல் சுக்லா, சோலங்கி என்போர் நாட்டின் நடுப்பகுதியிலும் இதனைக் கண்டனர். தேடத் தேட, குஜராத்திலிருந்து ஒடிசா வரை ஒரு பெரிய பட்டையாக இக்கூறு பரவியிருப்பது தெரியவந்தது. தென்கோடியில் நீலகிரி, வயநாடு, அட்டப்பாடி ஆகியவை ஒரு தனித் தீவுபோல அமைந்தன.

இவ்வளவு கேடு செய்யும் ஒரு கூறு தலைமுறை தலைமுறையாக ஏன் அழியாமல் நிற்கிறது? இதற்கு விடையை 1954 இல் ஆந்தணி ஆலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டார். தந்தையிடமிருந்தோ தாயிடமிருந்தோ ஒரே ஒரு கூறு மட்டும் பெற்றவரைக் கடுமையான மலேரியா எளிதில் கொல்வதில்லை. இருவரிடமிருந்தும் பெற்றவருக்கே நோய். ஆகவே மலேரியா மண்டிய காடுகளில் ஒற்றைக் கூறு உடையவர் பிழைத்திருந்து, அதனைத் தம் மக்களுக்கு அளித்தனர். வயநாட்டிலும் நீலகிரி அடிவாரத்திலும் முற்காலத்தில் மலேரியாவுக்கு அஞ்சி வெளியார் தங்கத் தயங்கினர், மலைமக்கள் தங்கினர். அவர்களைக் காத்தது எதுவோ அதுவே அவர்களுடைய குழந்தைகளுள் சிலரை வாட்டியது. இவ்வாறு நோய்க் கூறு ஒன்று மலேரியாவிலிருந்து காக்கலாம் என்ற கருத்தை, தாலசீமியா என்னும் வேறோர் இரத்த நோயைக் குறித்து ஜே. பி. எஸ். ஹால்டேன் 1949 இலேயே சொல்லியிருந்தார். அவர் 1957 இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964 இல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.

லேமனோ வேறு வழியில் சிந்தித்தார். அக்காலத்து மானிடவியலார் தென்னிந்தியத் தொல்குடிகளையும் இலங்கை வேடர்களையும் ஒரே இனமாகக் கருதி, ‘வெட்டாயிடு’ என்று பெயரிட்டிருந்தனர். அரிவாள் கூறு இவ்வினத்தாரிடம் தோன்றி, பழங்காலத்தில் அரேபியா வழியாக ஆப்பிரிக்காவுக்குச் சென்றிருக்க வேண்டும் என்று லேமன் 1954 இல் எழுதினார். கேட்பதற்குக் கவர்ச்சியான கதைதான். ஆயின் இதற்கு ஒரு சோதனை உண்டு. அவ்வினத்திற்குப் பெயர் தந்தவர்களே இலங்கை வேடர்கள். கூறு அவர்களிடம் இருந்தாக வேண்டுமன்றோ?

இலங்கை அறிஞர் விக்கிரமசிங்கவும் லேமனும் வேறிருவரும் சேர்ந்து வேடர்களின் இரத்தத்தை ஆராய்ந்து 1963 இல் முடிவை வெளியிட்டனர். வேடர்களிடம் அரிவாள் ஹீமோகுளோபின் காணப்படவில்லை. மாறாக, வங்காளத்திலும் பர்மாவிலும் மிகுதியாகக் காணப்படும் ‘ஈ’ என்னும் மற்றொரு ஹீமோகுளோபின் அவர்களிடம் இருந்தது. கொள்கை தளர்ந்தது. அதனைத் தளர்த்திய கட்டுரையிலேயே லேமனின் பெயரும் இருக்கிறது. தம் கருத்துக்கு மாறான உண்மையைத் தாமே கையொப்பமிட்டு வெளியிடும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதன்று. எனினும் ஒன்றைச் சொல்லாதிருக்க இயலாது. ‘ஆப்பிரிக்க இனத்தின் நோய்’ என்ற கதையை உடைத்தவர், அதனிடத்தில் ‘வெட்டாயிடு இனத்தின் நோய்’ என்ற மற்றொரு கதையை வைத்தார். இனவெறியால் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒருவர், எண்ணிக்கையில் தெளிவாகக் கண்டதை இனம் என்ற சொல்லால் விளக்க முயன்றது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. அந்நாளைய படிப்பு அத்தகையது. கிரேக்க நாட்டிலும் இக்கூறு இருப்பதை 1953 இல் அவரும் உடன் சேர்ந்தே எழுதியிருந்தார் என்பதையும் நினைவில் வைத்தால் வியப்பு இன்னும் கூடுகிறது.

அவரது புகழ் நிலைபெற்றது வேறிடத்தில். கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் என்பவர் அரிவாள் ஹீமோகுளோபினைத் துண்டு துண்டாக்கிக் காகிதத்தில் பரப்பிப் பார்த்தார். அவரும் ஜெர்மனியிலிருந்து குழந்தைப் பருவத்தில் அடைக்கலம் புகுந்தவரே. ஹீமோகுளோபினில் ஆல்பா என்ற சங்கிலிகள் இரண்டும் பீட்டா என்ற சங்கிலிகள் இரண்டும் உள. பீட்டாச் சங்கிலி ஒவ்வொன்றும் 146 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அம்மாலையில் ஆறாவது மணி மட்டும் மாறியிருக்கிறது; குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருக்கிறது. இவ்வளவே வேறுபாடு. 1956 இலும் 1957 இலும் இது வெளியாயிற்று. இந்த ஒரு மணி மாறியதால் பிராணவாயு நீங்கிய ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கயிறுகளாகின்றன. கயிறு அணுவை உள்ளிருந்து நெம்பி வளைக்கிறது. வளைந்த அணுக்கள் நுண்ணிய நாளங்களில் சிக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கின்றன. வலி அங்கே பிறக்கிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு சில வாரங்களுக்குள் சிதைந்துவிடுகிறது. சோகையும் காமாலையும் அதனால் வருகின்றன.

அரிவாள் ஹீமோகுளோபின் ஒன்றே இல்லை, வேறு பல மாறுபாடுகளும் உண்டு என்பது தெரியவந்ததும் லேமனின் மேசை உலகத்து இரத்தங்களின் தபால் நிலையம் ஆயிற்று. முதலில் மாறுபாடுகளுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக இட்டனர். எழுத்துகள் தீர்ந்து போகவே, கண்டெடுத்த ஊரின் பெயரை இடும் வழக்கம் வந்தது. நார்போக், பஞ்சாப், பால்டிமோர் என்று ஹீமோகுளோபின்களின் பட்டியல் ரயில்வே கால அட்டவணை போல நீண்டது. அவற்றுள் பலவற்றை முதலில் இனங்கண்டவர் லேமனே. 1963 இல் கேம்பிரிட்ஜ் திரும்பி, மாறுபட்ட ஹீமோகுளோபின்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தினார். ஹீமோகுளோபினின் உருவத்தைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் பெரூட்ஸுடன் சேர்ந்து, மணி எங்கே மாறினால் நோய் எவ்வாறு அமையும் என்பதை 1968 இல் விளக்கினார். பெரூட்ஸும் ஆஸ்திரியாவிலிருந்து வந்த அகதியே. லேமன் 1972 இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1985 இல் காலமானார்.

இனி, இந்நோய் குடும்பத்தில் எவ்வாறு இறங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டும். விஞ்ஞானியின் வாழ்க்கையைக் காட்டிலும் இதுவே நேயர்களின் வீட்டிற்கு அண்மையது. ஒற்றைக் கூறு உடையவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். தம்மிடம் அது இருப்பதே அறியார். அத்தகைய இருவர் மணம் புரிந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நோயுள்ள குழந்தைக்கும், நான்கில் இரு பங்கு ஒற்றைக் கூறுள்ள குழந்தைக்கும், நான்கில் ஒரு பங்கு கூறே இல்லாத குழந்தைக்கும் இடமுண்டு. முதற் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்கிடுவோர் உளர். அது பெருந்தவறு. சோழி ஒவ்வொரு முறையும் புதிதாகவே உருட்டப்படுகிறது. பெற்றோருள் ஒருவரிடம் அரிவாள் கூறும் மற்றவரிடம் தாலசீமியாக் கூறும் இருந்தாலும் நோய் பிறக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

ஐரோப்பியரிடையே மிகுதியாய் அறியப்பட்ட சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நோயும் இதே விதிப்படி இறங்குவதே. அதில் உடலணுக்களின் சுவரில் குளோரைடு செல்லும் வாயில் பழுதடைகிறது. நுரையீரலில் சளி கோந்துபோல் இறுகுகிறது. வியர்வையில் உப்பு மிகுகிறது. நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்று ஐரோப்பியப் பாட்டிமார் சொல்லி வந்ததை, 1953 இல் டி சான்ட் அக்னீஸ் என்பவர் வியர்வையைச் சோதித்து விஞ்ஞானமாக்கினார். அதற்குக் காரணமான ஜீன் 1989 இல் அகப்பட்டது. அந்நோய் வெள்ளையருக்கே உரியது, இந்தியாவில் இல்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. வியர்வைச் சோதனை செய்யத் தொடங்கியதும் இங்கும் இருப்பது தெரிந்தது. பிழை இரண்டிலும் ஒன்றே, திசைதான் வேறு.

தமிழ்க் குடும்பங்களில் அக்காள் மகளையும் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது பழைய வழக்கம். வெளியூரில் வாழும்போது உறவு விட்டுப்போகாதிருக்க வேண்டுமென்று இவ்வழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இறுகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். பாட்டனிடம் மறைந்திருந்த ஓர் ஒற்றைக் கூறு மகன் வழியிலும் மகள் வழியிலும் இறங்கி, பேரன் பேத்தி மணத்தில் இரட்டையாய்ச் சேர்வதற்கு இது வழி செய்கிறது. அரிவாள் நோய்க்கு மட்டுமன்றி, இவ்வகையில் இறங்கும் எல்லா நோய்க்கும் இது பொருந்தும். அரிவாள் கூறு பழங்குடியினரிடம் மட்டுமே உண்டு என்று ஒதுங்கவும் இயலாது. வயநாட்டில் பழங்குடியினர் அல்லாத செட்டி சமூகத்தாரிடமும் அது உண்டு என்று கோழிக்கோட்டு மருத்துவ ஆராய்ச்சியாளர் 2001 இல் எழுதியுள்ளனர்.

நீலகிரியை முதலில் எண்ணிப் பார்த்து நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராமசாமி, பாலகிருஷ்ணன், பிச்சப்பன் ஆகியோர் இருளர், குறும்பர், பணியர், முள்ளுக்குறும்பர் ஆகியோரை மீண்டும் சோதித்து 1994 இல் கட்டுரை எழுதினர். கூறு அங்கேயே இருந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் உலகப் பாடநூல்களில் நீலகிரி என்ற சொல் ஏறியது. இரத்தம் கொடுத்த குடிசைகளுக்கு ஒரு மாத்திரைகூட ஏறிச் செல்லவில்லை என்று சொன்னால் அது மிகையாகாது. ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் இடையே இவ்வளவு நீண்ட பாதையா என்று கேட்கத் தோன்றுகிறது. மலையிலிருந்து இறங்கிய இரத்தக் குப்பிகள் விரைவாகவே இறங்கின. மருந்துதான் மெல்ல ஏறியது.

ஜீன் ஆராய்ச்சி வளர்ந்தபின், இந்திய நோயாளியின் அரிவாள் கூறும் கிழக்கு அரேபிய நோயாளியின் கூறும் ஒரே சூழலில் அமைந்தவை, ஆப்பிரிக்க வகைகளிலிருந்து வேறுபட்டவை என்று 1986 இல் தெரிந்தது. ஆகவே அது இங்கே தனியாகத் தோன்றியது என்றனர். 2018 இல் வெளியான ஓர் ஆய்வோ எல்லாமே ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 7,300 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே ஒருவரிடம் தோன்றியதே என்றது. ஒரே தோற்றம் என்ற அளவில் லேமன் சொன்னது சரியாயிருக்கலாம். பயணத்தின் திசைதான் நேர்மாறு. இவ்வழக்கு முடிந்துவிட்டதாக நாம் கருதவில்லை.

இந்திய வகைக்கு ஒரு சிறப்பு உண்டு. கருவிலிருக்கும் சிசுவுக்கு வேறு வகை ஹீமோகுளோபின் சுரக்கிறது, அது வளையாது. பிறந்து சில மாதங்களில் அது குறையும்போதே நோய் தலைகாட்டுகிறது. இந்திய, அரேபிய வகையினரிடம் இச்சிசு ஹீமோகுளோபின் வளர்ந்த பின்னும் கூடுதலாய் நிற்பதால், நோய் சற்று மென்மையாக இருக்கும் என்று எழுதினர். இந்த ‘மென்மை’ என்ற சொல்லையும் நாம் எச்சரிக்கையுடனேயே கொள்ள வேண்டும். இந்தியாவிலும் கடுமையான வலியாலும் தொற்று நோயாலும் குழந்தைகள் இறக்கின்றனர். முன்பு ‘இல்லை’ என்றதால் தேடவில்லை. இப்போது ‘மென்மை’ என்பதால் விட்டுவிடலாகாது.

சிசு ஹீமோகுளோபினைக் கூட்டினால் நோய் தணியும் என்ற அறிவிலிருந்தே மருந்தும் பிறந்தது. ஹைட்ராக்ஸியூரியா என்னும் மாத்திரை அதனைச் செய்கிறது. 1998 இல் அமெரிக்க அரசு இதனை இந்நோய்க்கு அங்கீகரித்தது. விலை குறைந்தது, ஆனால் நாள்தோறும் உண்ண வேண்டும், இடையிடையே இரத்தத்தைச் சோதிக்கவும் வேண்டும். 2023 நவம்பரில் பிரிட்டனிலும், அடுத்த மாதம் அமெரிக்காவிலும், எலும்பு மச்சையின் அணுக்களில் ஜீனையே திருத்திச் சிசு ஹீமோகுளோபினை மீண்டும் எழுப்பும் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் அதற்கு நிர்ணயித்த விலை 22 லட்சம் டாலர். அட்டப்பாடிக்கு இன்று உரிய பேச்சு மாத்திரையைப் பற்றியதே.

மாத்திரையும் சோதனையும் மலையடிவாரத்தில் நிலைபெறத் தொடங்கியதும் அண்மைக் காலத்திலேயே. கூடலூரில் ஆதிவாசி மக்களுக்கென இயங்கும் அஷ்வினி என்னும் அமைப்பின் மருத்துவமனை, கிராமம் தோறும் நோயாளிகளைத் தேடிப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்து வருகிறது. அட்டப்பாடியில் கோட்டத்தறையிலுள்ள பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனைக்கு நோயாளிகள் வருகின்றனர். மத்திய அரசு 2023 ஜூலை முதல் நாளன்று மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடி மக்களைச் சோதிப்பதும், 2047 க்குள் இந்நோய் மக்கள் நலப் பிரச்சினையாய் இராதபடி செய்வதும் அதன் குறிக்கோள். சோதிக்கப்பட்டவருக்கு முடிவைக் காட்டும் அட்டை ஒன்றும் தருகின்றனர்.

அட்டை நல்லதே. ஆயின் அது எதற்கு என்பதை மக்களுக்கு எடுத்துரைக்காமல் கையில் திணித்தால் தீங்கும் உண்டு. ஒற்றைக் கூறு உடைய பெண்ணை நோயாளி என்று தள்ளிவைக்கும் வழக்கம் தோன்றிவிடக் கூடாது. அவள் நோயாளி அல்லள். அவளும், அரிவாள் கூறோ தாலசீமியாக் கூறோ இவை போன்ற வேறு கூறோ இல்லாத ஓர் ஆடவனும் மணந்தால் எந்தக் குழந்தைக்கும் அரிவாள் நோய் வராது. இருவருக்கும் கூறு இருந்து மணந்துவிட்டாலும், கருவிலேயே சோதித்து அறிய வழியுண்டு. முடிவு அவர்களுடையது.

நோயுள்ளவர் நீர் நிறைய அருந்த வேண்டும். கடுங்குளிர், உடல் வறட்சி, காய்ச்சல், அளவுக்கு மீறிய உழைப்பு ஆகியவை வலியைத் தூண்டும். காய்ச்சல் கண்டால் அன்றே வைத்தியரைப் பார்த்தல் வேண்டும். மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும், கை கால் திடீரென்று சோர்வதும் நாழிகை பாராது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். சோகை என்றதும் இரும்புச் சத்து மாத்திரையை வாங்கித் தாமே உண்பது கூடாது; இது இரும்புக் குறைவால் வந்த சோகை அன்று.

அட்டப்பாடியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் இளைஞர் பலர் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் வேலை தேடிச் செல்கின்றனர். அங்குள்ள வைத்தியருக்கு அவரது முகத்தைப் பார்த்து ஊர் தெரியாது. இந்தியாவின் எந்த மொழிக்கார வைத்தியரிடமும் ‘சிக்கிள் செல்’ என்ற இரண்டு சொற்கள் செல்லுபடியாகும். வலியோடு செல்பவர் தம் அட்டையைக் காட்டலாம். அட்டை இல்லாதவர், தம் தாயும் தந்தையும் எந்த மலையடிவாரத்து ஊரினர் என்பதையும், உடன்பிறந்தாருள் எவருக்கேனும் அடிக்கடி மூட்டு வலியும் காமாலையும் வந்ததுண்டா என்பதையும், வைத்தியர் கேட்கும் முன்னரே முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்.